அலெக்சாந்திரியாவிலிருந்து புதுமண்டபம் வரை

நூறு, நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய தமிழ்ப் புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்தால் முகப்புப் பக்கத்தை வாசித்து முடிக்கவே சற்று நேரம் பிடிக்கும். உச்சியில் பிள்ளையார் சுழி, கீழே ஏதோ ஒரு தெய்வத்தின் துணை. அப்புறம் நூலின் பெயர், இயற்றியவர், உரை செய்தவர், பரிசோதித்த வித்துவான், பணம் கொடுத்த ஜமீன்தார், அச்சிட்ட கூடம். தமிழ் வருடப் பெயர் இருக்கும், பக்கத்தில் ஆங்கில வருடம் இருக்கும், கடைசியில் விலை இத்தனை அணா என்றிருக்கும். அதே பக்கத்தின் ஓரத்தில், பழுத்துப் பழுப்பாகிவிட்ட மையில், ஊர்ப்பெயரோடு யாரோ ஒருவரின் கையெழுத்து.

அரிய நூல்களுக்கு அட்டவணை தயாரிப்பவர்கள் நூல் என்ன சொல்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே இரண்டு விஷயங்களைத் தேடுவார்கள். இதை யார், எங்கே, எப்போது அச்சிட்டார்கள்? இங்கே வந்து சேருவதற்கு முன் யார் வீட்டில் இருந்தது? இப்போது உலகம் முழுக்க நூலகங்களில் வழக்கமாகிவிட்ட இந்த இரண்டு கேள்விகளும் நெடுந்தூரம் பயணம் செய்து வந்தவை. அந்தப் பயணத்தில் மதுரைக்கும் அதன் சுற்றுவட்டாரத்துக்கும் நல்ல பங்கு உண்டு.

உடைமைக் குறிப்பு காகிதத்தைவிட வயதில் மூத்தது. கி.மு. 7ஆம் நூற்றாண்டில் அசீரிய மன்னன் அசுர்பானிபால் நினிவேயில் திரட்டிய களிமண் பலகைகளில், இது அரசனின் அரண்மனைக்குச் சொந்தம் என்று பொறித்திருக்கிறார்கள். பல பலகைகளின் கடைசியில் எந்த மூலத்தைப் பார்த்துப் பிரதி செய்தது, ஒப்பிட்டுச் சரிபார்த்தாயிற்றா என்ற விவரமும் உண்டு.

அலெக்சாந்திரியாவில் கதை இன்னும் சுவையானது. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களைச் சோதித்து, அதிலிருக்கும் புத்தகச் சுருள்களைப் பறிமுதல் செய்ய எகிப்தின் தாலமி மன்னர் ஒருவர் ஆணையிட்டாராம். அவசரமாக நகலெடுத்து, நகலை உரியவரிடம் கொடுத்துவிட்டு, மூலத்தைத் தாங்கள் வைத்துக்கொண்டார்களாம். அப்படி வந்த சுருள்களுக்குக் ‘கப்பலிலிருந்து வந்தவை’ என்று அடையாளமிட்டு வைத்ததாக மருத்துவர் காலென் எழுதியிருக்கிறார். நூல் எந்த வழியாக வந்தது என்று நூலகமே எழுதி வைத்த குறிப்புகளில் இதைவிடப் பழையதும் இதைவிடத் துணிச்சலானதும் எனக்குத் தெரிந்து இல்லை.

நம் ஊரில் அந்த வேலையைச் செய்தவர்கள் ஏடு எழுதியவர்கள். சுவடியின் கடைசி ஓலையில் வருடம், மாதம், தேதி, சில சமயம் நட்சத்திரம், எழுதியவர் பெயர், யாருக்காக எழுதியது என்ற விவரம் எல்லாம் இருக்கும். திருநெல்வேலிப் பக்கத்து ஏடு என்றால் கொல்லம் ஆண்டும் சேர்ந்திருக்கும். கொல்லம் ஆண்டு கி.பி. 825இல் தொடங்கி நேராக எண்ணிக்கொண்டு போவதால் காலத்தைக் கணக்கிடுவது எளிது. அறுபது வருடச் சுழற்சிப் பெயர் மட்டும் இருந்துவிட்டால்தான் திண்டாட்டம். ‘விகிர்தி’ என்றால் 1830ஆ, 1890ஆ, 1950ஆ? அப்போது எழுத்தின் வடிவத்தையும் ஓலையின் நிலையையும், ஓரத்தில் பெயரெழுதி வைத்த உடைமைக்காரரின் காலத்தையும் வைத்துத்தான் முடிவுக்கு வர முடியும். ஒரு கேள்விக்கான விடை இன்னொரு கேள்விக்கும் சாவியாகிவிடும்.

இதே சங்கதி ஐரோப்பாவிலும் நடந்திருக்கிறது. குட்டன்பர்க் அச்சிட்ட புகழ்பெற்ற பைபிளில் அச்சிட்டவர் பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை. அது எப்போது தயாரானது என்பதற்குக் கிடைத்த உறுதியான சாட்சிகளில் ஒன்று, பாரீஸில் உள்ள ஒரு பிரதியில் இருக்கும் கையெழுத்துக் குறிப்பு. மைன்ஸ் நகரத்துப் பாதிரியார் ஹைன்ரிக் கிரேமர், தலைப்பெழுத்துகளுக்கு வண்ணம் தீட்டிக் கட்டடமும் செய்து 1456 ஆகஸ்டில் முடித்தேன் என்று அதில் எழுதி வைத்திருக்கிறார். பிரதி ஒன்றைக் கையில் வைத்திருந்தவர் போகிற போக்கில் எழுதிய அந்த வரி இல்லாவிட்டால், அறிஞர்கள் ஊகத்தையே இன்னும் அதிகம் நம்ப வேண்டியிருந்திருக்கும். அடுத்த வருடமே, 1457இல், அதே நகரில் ஃபூஸ்ட், ஷோஃபர் என்ற இருவர் வெளியிட்ட சங்கீதப் புத்தகம் அச்சிட்டவர் பெயர், இடம், நாள் எல்லாவற்றையும் அச்சிலேயே சொல்லிவிட்டது. சில பத்தாண்டுகளில் ஹில்டபிராண்ட் பிராண்டன்பர்க் என்ற ஜெர்மானியர் பூக்ஸ்ஹைம் மடத்துக்குத் தாம் கொடுத்த நூல்களில், கேடயம் ஏந்திய தேவதூதன் படத்தை அச்சிட்டு ஒட்டினார். உடைமைச் சீட்டு என்ற வழக்கத்தின் முன்னோடிகளில் அது ஒன்று.

அச்சு இயந்திரம் இந்தியக் கரையில் இறங்கியபோது பதிப்பு விவரமும் கூடவே இறங்கியது. 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கமே உள்ள சின்னப் புத்தகம். அண்ட்ரீக் அடிகளார் என்று நாம் அழைக்கும் என்ரீக்கே என்ரீக்கஸ் முத்துக்குளித்துறைப் பரதவர்களுக்காகத் தமிழில் தந்தது. இன்று அதைப் பார்க்க வேண்டுமென்றால் அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹோட்டன் நூலகத்துக்குப் போக வேண்டும்.

மதுரை மிஷனில் பணியாற்றிய அந்தாம் தெ புரோயென்சா தொகுத்த தமிழ் - போர்ச்சுகீசிய அகராதி, அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து 1679இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சேறியது. அதன் பிரதி வத்திக்கானில் இருந்தது. தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் 1950களில் ஐரோப்பிய நூலகங்களின் அட்டவணைகளைத் துருவிக்கொண்டு அலைந்தவர். அவர் முயற்சியால்தான் 1966இல் கோலாலம்பூரில் அந்த அகராதி அப்படியே நிழற்படப் பதிப்பாக வந்தது. மதுரைச் சீமையில் பேசிய சொற்கள் ரோம் போய், மலேசியா வழியாக வீடு திரும்ப 300 வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆயிற்று. எங்கோ ஒரு நூலகர் பதிப்பிடத்தையும் ஆண்டையும் ஒழுங்காகக் குறித்து வைத்திருந்ததால் தேடி வந்தவர் கையில் அது சிக்கியது.

தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த சீகன்பால்க், இரண்டே வருடத்தில், 1708இல், தம்மிடம் சேர்ந்த தமிழ்ச் சுவடிகளுக்குப் பட்டியல் போட்டுவிட்டார். 119 தமிழ் நூல்கள் அதில் உண்டு. அந்தச் சுவடிகளைத் தேட அவர் தம் எழுத்தர்களைப் பல நாள் பயணமாக அனுப்பினார். பிராமண விதவைகளிடமிருந்து வாங்கியதாக அவரே சொல்கிறார். புலமை மிக்க கணவர் போன பிறகு வீட்டில் முடங்கிக் கிடந்த ஏடுகள் அப்படித்தான் ஒரு ஜெர்மானியர் கைக்கு வந்தன. அந்த வீடுகளின் பெயர்களையும் குறித்திருந்தால் நமக்கு எவ்வளவு உதவியாக இருந்திருக்கும் என்று நினைக்கும்போது ஆற்றாமையாக இருக்கிறது.

அச்சகங்களும் கைமாறின. 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது கொள்ளையோடு கொள்ளையாக ஓர் அச்சு இயந்திரமும் சென்னைக்கு வந்தது. அதை வேப்பேரியில் இருந்த ஃபப்ரீசியஸ் பாதிரியாரிடம் கொடுத்து, அரசாங்க வேலை வந்தால் அதையும் அடித்துத் தர வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். ஒரு முற்றுகைச் சண்டை முடிந்ததன் விளைவாக, பழைய நூல்களின் முகப்பில் ‘வேப்பேரி’ ஒரு பதிப்பிடமாக நிலைத்தது.

இனி வருவது மதுரை வட்டாரத்தின் பெரிய இழப்பு. எஃப். டபிள்யூ. எல்லிஸ் சென்னைக் கலெக்டர். கால்டுவெல்லுக்கு 40 வருடம் முன்பே, 1816இல், தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று நிறுவியவர். திருக்குறளுக்கு மொழிபெயர்ப்பும் விளக்கமும் எழுதிக்கொண்டிருந்தவர். வீரமாமுனிவரின் சுவடிகளைத் தேடி முத்துசாமிப் பிள்ளை என்பவரைத் தெற்குச் சீமைக்கு அனுப்பியவரும் அவரே. 1819 மார்ச்சில் ராமநாதபுரத்தில் எல்லிஸ் திடீரென இறந்துபோனார். மதுரையிலும் சென்னையிலும் அவருடைய உடைமைகள் ஏலத்துக்குப் போயின. மேசை நாற்காலிக்கு விலை கேட்க ஆள் இருந்தார்கள். வாழ்நாள் முழுக்கச் சேர்த்த கையெழுத்துத் தாள்களைக் கேட்பாரில்லை. ஒரு துரை வீட்டுச் சமையல்காரர் மாதக்கணக்கில் அடுப்புப் பற்றவைக்கவும் கோழி வாட்டவும் அந்தத் தாள்களைப் பயன்படுத்தினார் என்று பின்னாளில் பதிவாகியிருக்கிறது.

எல்லாமே எரிந்துவிடவில்லை. மிஞ்சியவற்றில் சில, சென்னை அரசாங்கத்தில் உயர் பதவி வகித்த வால்டர் எலியட்டிடம் சேர்ந்தன. அவர் ஜி. யு. போப்பிடம் தந்தார். போப் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் வைத்தார். எல்லிஸ், எலியட், போப், போட்லியன் என்ற இந்தச் சங்கிலி பதிவாகியிருந்ததால்தான் வரலாற்றாய்வாளர் தாமஸ் டிரவுட்மன் அந்தத் தாள்களைத் தேடிப் பிடித்து, எல்லிஸுக்கு உரிய இடத்தை நம் காலத்தில் மீட்டுக் கொடுத்தார். உடைமைக் குறிப்பு வெறும் சம்பிரதாயம் என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு கதை போதும்.

1857 கிளர்ச்சிக்குப் பிறகு, எங்கே என்ன அச்சாகிறது என்பதில் அரசாங்கத்துக்குக் கவனம் கூடியது. 1867ஆம் ஆண்டின் அச்சகம் மற்றும் நூல் பதிவுச் சட்டம், ஒவ்வொரு நூலிலும் அச்சிட்டவர் பெயர், அச்சிட்ட இடம், வெளியிட்டவர் பெயர், வெளியிட்ட இடம் இருந்தே ஆக வேண்டும் என்றது. பிரதிகளை அரசாங்கத்திடம் கொடுக்க வேண்டும். அவற்றை வைத்துக் காலாண்டுக்கு ஒரு முறை பட்டியல் வெளிவரும். பக்கம் எத்தனை, எத்தனையாவது பதிப்பு, எத்தனை பிரதி, அச்செழுத்தா கல்லச்சா, விலை என்ன, உரிமை யாருக்கு என்பது வரை அதில் அடங்கும். கண்காணிப்பதற்காகத் தொடங்கிய பட்டியல் இன்றைக்குத் தமிழ்ப் புத்தக வரலாற்று ஆய்வாளர்களுக்குக் கிடைத்த புதையல். அந்தச் சட்டத்துக்கு இரண்டு வருடம் முன்பே, 1865இல், ஜான் மர்டாக் என்ற ஸ்காட்லாந்து மிஷனரி அதுவரை அச்சான தமிழ் நூல்களுக்கு வகைவாரியாக ஓர் அட்டவணை வெளியிட்டிருந்தார். அதில் அவருடைய மதச்சார்பு பளிச்சென்று தெரியும். ஆனாலும் அந்த உழைப்புக்கு ஈடாக நம்மவர் எவரும் அப்போது ஒன்றும் செய்திருக்கவில்லை.

நம்மவர் வேறு வழியில் செய்தார்கள். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1849இல் சென்னையில் அச்சு இயந்திரம் வாங்கிப்போய் வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். அவருடைய சில பதிப்புகளுக்குப் பொருளுதவி செய்தவர் ராமநாதபுரத்துப் பொன்னுசாமித் தேவர். யாழ்ப்பாணத்துப் பதிப்பாசிரியர், சென்னை அச்சு, ராமநாதபுரத்துப் பணம் என்று ஒரே முகப்புப் பக்கத்தில் தமிழ்நிலத்தின் வரைபடமே விரிந்துவிடும்.

உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும், தொடர்ந்து பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு என்று வரிசையாகவும் பதிப்பித்தபோது, முகவுரையில் எந்த ஏடு எந்த ஊரில் யாரிடமிருந்து கிடைத்தது என்று பெயர் பெயராக எழுதினார். திருவாவடுதுறை ஆதீனம், திருநெல்வேலிக் கவிராயர் வீடு, ஆழ்வார்திருநகரி என்று அந்தப் பட்டியல் நீளும். நன்றி சொல்வதற்காக எழுதியவைதான். ஆனாலும் தமிழ்ச் சுவடிகளின் முந்தைய உடைமைக்கு இதைப்போல நேர்த்தியான பதிவு வேறில்லை என்பது என் கருத்து. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டார்கள் என்று கேட்டு அவர் துடித்ததையும் அவரே எழுதியிருக்கிறார். அந்த ஏடுகளில் என்னென்ன இருந்தன என்று சொல்ல ஓர் அட்டவணைகூட மிஞ்சவில்லை.

பொன்னுசாமித் தேவரின் மகன்தான் பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். சொற்பொழிவுக்காக மதுரை வந்தவர் குறிப்புப் பார்க்கத் திருக்குறள் கேட்டாராம், ஊரில் எங்கும் அகப்படவில்லையாம். அந்த வருத்தத்தில் பிறந்ததுதான் 1901 செப்டம்பர் 14 அன்று தொடங்கிய நான்காம் தமிழ்ச் சங்கம் என்று மதுரையில் இன்றைக்கும் சொல்வார்கள். சங்கத்தோடு பாண்டியன் புத்தகசாலையும் பிறந்தது. அச்சுக்கூடமும் வந்தது, ‘செந்தமிழ்’ இதழும் வந்தது. ஆ. சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதான சிந்தாமணி’ 1910இல் சங்கத்தின் பதிப்பாக வெளிவந்தது. பாண்டித்துரை திரட்டிய நூல்களும் சங்கத்துக்கே சேர்ந்தன. தந்தை பணம் கொடுத்து அச்சிட வைத்ததையும் மகன் தேடிச் சேர்த்ததையும் சேர்த்து நினைத்தால், ஒரே குடும்பத்தின் பெயரைப் பதிப்பு விவரத்திலும் உடைமை விவரத்திலும் பார்க்கலாம்.

பாண்டித்துரையைப் பற்றி இன்னொரு கதையும் உண்டு. ஸ்காட் என்ற வெள்ளைக்காரர் எதுகை சரியில்லை என்று குறளைத் தம் மனம்போலத் திருத்தி அச்சிட்டாராம். தேவர் அத்தனை பிரதிகளையும் கைப்பிரதியோடு விலைகொடுத்து வாங்கி எரித்துவிட்டாராம். கதை உண்மையானால், தமிழின் மீதிருந்த அன்பே ஒரு பதிப்பை அரிய நூலாக்கிவிட்டது. அவர் கோபம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் இரண்டு பிரதிகளையாவது அலமாரியில் பூட்டி வைத்திருக்கலாம்.

மதுரையின் சொந்தப் பதிப்பு முகவரி என்றால் அது புதுமண்டபம்தான். மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய அந்த மண்டபத்தின் தூண்களுக்கு நடுவே தையல்காரர்களும் பாத்திரக்காரர்களும் புத்தகக் கடைக்காரர்களும் தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்தார்கள். இ. மா. கோபாலகிருஷ்ணக் கோன் புதுமண்டபத்துப் புத்தக ஷாப்பிலிருந்து இலக்கியமும் வெளியிட்டார். இ. ராம. குருசாமிக் கோனார் போன்றவர்கள் வைத்தியமும் புராணமும் போட்டார்கள். ஸ்ரீராமச்சந்திரவிலாசம், விவேகபாநு, தமிழ்ச் சங்கம் என்று மதுரை அச்சகப் பெயர்கள் பழைய முகப்புகளில் அடிக்கடி தட்டுப்படும். சந்தையில் ஒரு நூல் விற்றால் மறு மாதமே போட்டிப் பதிப்பு கிளம்பிவிடும். முகப்பு, எழுத்துரு, விலை வரை அப்படியே இருக்கும், அச்சகப் பெயர் மட்டும் மாறியிருக்கும். அதனால்தான் தன் முத்திரையோ கையெழுத்தோ இல்லாத பிரதி திருட்டுப் பிரதி என்று எச்சரிக்கை அச்சிட்டு ஒவ்வொரு பிரதியிலும் முத்திரை குத்தியவர்கள் உண்டு. அன்றைய வியாபாரத் தற்காப்பு இன்றைக்கு அட்டவணைக்காரருக்கு அசலைக் காட்டிக் கொடுக்கிறது. அண்மையில் புதுமண்டபக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம் மாறிவிட்டன. புத்தகங்களில் உள்ள முகவரி மாறவில்லை.

ஆறுமுக நாவலரின் காலத்தில் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நூலகர் ஹென்றி பிராட்ஷா வேறொரு கோணத்தில் யோசித்துக்கொண்டிருந்தார். பழைய அச்சு நூல்களை ஆசிரியர் பெயர்ப்படி அடுக்காமல் நாடு, ஊர், அச்சகம் என்ற வரிசையில் அடுக்கினால், ஆண்டு இல்லாத நூலும் எழுத்துருவை வைத்துத் தன் இடத்தைத் தானே காட்டிவிடும் என்றார். ராபர்ட் பிராக்டர் 1898இல் பிரிட்டிஷ் மியூசியத்து நூல்களை அப்படியே அடுக்கிக் காட்டினார். அதே மியூசியத்தின் தமிழ் நூல்களுக்கு பார்னெட்டும் போப்பும் தயாரித்த அட்டவணை 1909இல், போப் இறந்த மறு வருடம், வெளிவந்தது. எல்லிஸின் தாள்களைக் காப்பாற்றிக் கொடுத்த அதே போப்தான்.

1960களில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்றியட் ஆவ்ரம் கணினி அட்டவணைக்கான மார்க் முறையை உருவாக்கினார். அதில் முந்தைய உடைமைக்கென்று தனிக் கட்டம் உண்டு, எண் 561. நினிவேயின் களிமண்ணில் தொடங்கியது மூன்று இலக்க எண்ணாகிவிட்டது. வருத்தம் என்னவென்றால், நம் நூலகங்களின் பதிவுகளில் 561 பெரும்பாலும் வெற்றிடமாகவே கிடக்கிறது.

அதைச் சரியாக நிரப்பினால் என்ன கிடைக்கும் என்பதற்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. மதுரைக்குக் கிழக்கே கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா, பழைய கடைகளிலும் பழைய வீடுகளிலும் தேடித் தேடிப் புத்தகமும் இதழும் நாடக நோட்டீசும் கல்யாணப் பத்திரிகையும் சேர்த்தார். ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள். 1992இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. வாங்கியும் அமெரிக்காவுக்குக் கொண்டுபோகாமல், 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாகத் தமிழ்நாட்டிலேயே நிலைபெறச் செய்தார்கள். உடைமைக்காரரின் பெயரே நூலகத்தின் பெயராகி நிற்பதால், அங்குள்ள புத்தகம் எந்தக் கையால் காப்பாற்றப்பட்டது என்பது மறக்காது.

நம் பக்கத்தில் பழைய நூலைப் புதுக் கட்டடம் செய்யக் கொடுத்தால் ஓரத்தை நறுக்கிவிடுகிறார்கள், அதோடு ஓரத்துக் கையெழுத்தும் போய்விடுகிறது. முதல் தாள் நைந்திருந்தால் கிழித்துவிட்டு வெள்ளைத்தாள் வைக்கிறார்கள். முந்தைய உடைமைக்காரரின் முத்திரை மேலேயே இரவல் சீட்டை ஒட்டிவிடுகிறார்கள். நூலகம் பெரிதோ சிறிதோ, இதை நான் நெடுகப் பார்த்து வருகிறேன். பாடம் எப்படியாவது இன்னொரு பிரதியில் கிடைத்துவிடும். அந்தக் கையெழுத்து வேறெங்கும் கிடைக்காது.

உங்கள் வீட்டு மச்சில், தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பழைய புத்தகங்கள் இருந்தால் மூன்று காரியம் செய்யுங்கள். முதல் தாளையும் கடைசித் தாளையும் கிழிக்க விடாதீர்கள். அதில் உள்ள பெயர், ஊர், தேதி எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் எழுதி, அவர் உங்களுக்கு என்ன உறவு என்பதையும் சேர்த்து உள்ளே வையுங்கள். மதுரைத் தமிழ்ச் சங்கத்துக்கோ, நத்தம் சாலையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கோ, உங்களுக்கு நம்பிக்கையான வேறு எந்த நூலகத்துக்கோ கொடுக்கும்போது, அந்தப் பெயரையும் அட்டவணையில் ஏற்றச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால்தான் செய்வார்கள்.